கஞ்சாவும் மூளையின் மரபணு வெளிப்பாடும்: எது மீள்கிறது, எது தங்குகிறது

“கஞ்சா மூளையின் மரபணுக்களையே மாற்றிவிடும் என்று படித்தேன். 17 வயதில் தொடங்கி மூன்று ஆண்டுகள் தினமும் புகைத்த ஒருவர் இப்போது நிறுத்திவிட்டால் அந்த மாற்றம் சரியாகுமா? சிபிடி மட்டும் எடுத்தாலும் இதே பாதிப்பு உண்டா? நாளைக்குப் பிறக்கும் குழந்தைக்கும் போகுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். கஞ்சாவில் உள்ள, போதை தராத பொருளான சிபிடியை ஒரு பக்கம் வைத்தால், இதற்குள் நான்கு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. டிஎன்ஏவின் எழுத்து வரிசையே மாறுகிறதா? போதை இருக்கும் நேரத்தில் மரபணுக்கள் வேலை செய்யும் அளவு மாறுகிறதா? பொருள் உடலைவிட்டுப் போன பிறகும் அந்த மாற்றம் தங்குகிறதா? அது அடுத்த தலைமுறைக்குப் போகிறதா? முதல் இரண்டுக்கும் உறுதியாகப் பதில் சொல்லலாம். மூன்றாவதற்கு விலங்குகளில் நல்ல சான்று இருக்கிறது, மனித மூளையில் மிகக் குறைவு. நான்காவது இன்னும் முடிவாகவில்லை. இவற்றைத் தனித்தனியாகப் பிரிக்காமல் பேசுவதால்தான் “ஒன்றும் ஆகாது”, “மரபணுவே போச்சு” என்று இரண்டு பக்கமும் கூச்சலாக இருக்கிறது.

எழுத்து வரிசையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கஞ்சாவில் போதை தரும் பொருளான டிஎச்சியோ, போதை தராத சிபிடியோ நரம்புச் செல்லுக்குள் போய் மரபணுவைத் திருத்தி எழுதுவதில்லை. மாறுவது மரபணு வெளிப்பாடு. மனிதருக்குள்ள சுமார் 20,000 புரத மரபணுக்களில் எது எவ்வளவு தூது ஆர்என்ஏவாகப் படியெடுக்கப்படுகிறது, அதிலிருந்து எவ்வளவு புரதம் வருகிறது என்பதுதான் அது. ஒரு ராத்திரி தூக்கம் கெட்டாலும், புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டாலும் மூளையில் ஏராளமான மரபணுக்களின் வெளிப்பாடு ஏறி இறங்கும். ஆகவே “வெளிப்பாடு மாறியது” என்ற செய்தியை “மூளை கெட்டுப்போனது” என்று படிக்கக் கூடாது. எந்தச் செல்லில் மாறியது, எவ்வளவு காலம் நின்றது, நடத்தை மாறியதற்கு அந்த மாற்றம்தான் காரணம் என்று சோதித்துக் காட்டினார்களா என்ற மூன்றையும் பார்த்த பிறகுதான் கவலைப்படுவதா வேண்டாமா என்று முடிவுசெய்ய முடியும்.

டிஎச்சி எங்கே போய் ஒட்டுகிறது என்பது நன்றாகத் தெரிந்த விஷயம். 1964இல் கவோனியும் மெக்கூலமும் டிஎச்சியைத் தனியே பிரித்து அதன் அமைப்பைக் கண்டார்கள். அது பற்றும் சிபி1 ஏற்பியின் (செல்லின் மேற்பரப்பில் செய்தியை வாங்கும் புரதத்தின்) மரபணு 1990இல் கண்டறியப்பட்டது. உடலே தயாரித்து அதே ஏற்பியைத் தொடும் அனந்தமைடு 1992இலும், 2-ஏஜி 1995இலும் கண்டுபிடிக்கப்பட்டன. சிபி1 பெரும்பாலும் நரம்புச் செல்லின் ஆக்சான் முனையில், அதாவது செய்தியை அனுப்பும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. டிஎச்சி அதைத் தொட்டதும் கால்சியம் வாயில்கள் அடங்குகின்றன, பொட்டாசியம் வாயில்கள் திறக்கின்றன, செல்லுக்குள் செய்தி கடத்தும் சுழற்சி ஏஎம்பி குறைகிறது, அந்த முனை வெளிவிடும் காபா (அடுத்த செல்லைத் தடுப்பது) அல்லது குளுட்டமேட் (தூண்டுவது) குறைகிறது. ஹிப்போகேம்பஸ், முன்மூளைப் புறணி, ஸ்ட்ரையேட்டம், சிறுமூளை ஆகியவற்றில் இந்த ஏற்பி அடர்த்தியாக இருக்கிறது. நினைவு, திட்டமிடல், ஊக்கம், உடல் ஒருங்கிணைப்பு நான்கும் போதையில் குலைவது அதனால்தான். மூச்சை நடத்தும் மூளைத்தண்டுப் பகுதியில் அது மிகக் குறைவு. அபினி வகை மருந்துகளைப்போல கஞ்சா மூச்சை நிறுத்திக் கொல்லாததற்கு இதுவே முக்கியக் காரணம்.

இங்கே ஒரு முரண் தெரியும், அதைக் கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது. சுழற்சி ஏஎம்பி குறைந்தால், மரபணுக்களைத் தூண்டும் கிரெப் என்ற புரதத்தின் வேலையும் குறையத்தானே வேண்டும்? ஆனால் எலிக்கு டிஎச்சி ஊசி போட்டால் ஸ்ட்ரையேட்டத்திலும், நாட்டத்தோடும் இன்பத்தோடும் தொடர்புடைய நியூக்ளியஸ் அக்கம்பென்ஸிலும் சி-ஃபாஸ், சிஃப்268 போன்ற உடனடி மரபணுக்கள் (செல் தூண்டப்பட்டதும் முதலில் இயங்குபவை) ஏறுகின்றன. காரணம், ஆக்சான் முனையில் நடப்பது ஒன்று, தொலைவில் இருக்கும் செல் உட்கருவுக்குப் போய்ச் சேரும் செய்தி வேறொன்று. தடுக்கும் காபா குறைந்ததும் சுற்றியுள்ள செல்கள் கட்டவிழ்கின்றன, ஊக்கத்தோடு தொடர்புடைய டோபமின் அதிகமாக வெளியாகிறது, அதை வாங்கும் செல்லில் ஈஆர்கே என்ற நொதி கிளர்ந்து உட்கருவைத் தட்டுகிறது. டோபமினின் டி1 ஏற்பியை முன்கூட்டியே அடைத்துவிட்டு டிஎச்சி கொடுத்தால் இந்த ஈஆர்கே எழுச்சி வருவதில்லை. ஆக, நாம் அளக்கும் மரபணு மாற்றத்தில் கணிசமான பகுதி டிஎச்சி நேரடியாகத் தொட்ட செல்லில் நடப்பதல்ல, அந்தச் செல்லோடு பேசும் வலையமைப்பில் நடப்பது. கிண்ணத்தில் வளர்க்கும் செல்லில் கிடைத்த முடிவை முழு மூளைக்கு அப்படியே ஏற்ற முடியாததும் இதனால்தான்.

இந்த உடனடி அலை சீக்கிரமே அடங்கிவிடும். சி-ஃபாஸின் தூது ஆர்என்ஏ அரை மணி நேரத்திலும், புரதம் ஒன்று முதல் இரண்டு மணி நேரத்திலும் உச்சத்தைத் தொட்டு, அதே நாளுக்குள் இறங்கிவிடும். ஒரே ஒரு முறை பயன்படுத்தியதால் நிரந்தர மரபணு மாற்றம் வந்துவிட்டது என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை. தினசரிப் பயன்பாடு வேறு. ஏற்பியை ஓயாமல் தூண்டினால் செல் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும், எண்ணிக்கையைக் குறைக்கும். பழகப் பழக அளவு கூட வேண்டியிருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். உயிரோடிருப்பவரின் மூளையில் ஏற்பிகளை அளக்கும் பிஇடி ஸ்கேனில் இதை மனிதரிடமே பார்த்திருக்கிறார்கள். 2012இல் வெளியான ஆய்வில், நாள்தோறும் புகைத்தவர்களின் மூளைப் புறணியில் சிபி1 சுமார் 20 சதவீதம் குறைவாக இருந்தது, ஏறக்குறைய நான்கு வாரம் விலகியிருந்த பிறகு பழைய அளவுக்கு வந்துவிட்டது. 2016இல் வேறொரு குழு, மீட்சி இரண்டே நாளில் தொடங்கிவிடுகிறது என்று காட்டியது. உங்கள் கேள்விக்கு மனித மூளையிலிருந்தே கிடைக்கும் மிக நம்பகமான பதில் இது. ஆனால் பிஇடி காட்டுவது ஏற்பிப் புரதத்தை. மரபணு எவ்வளவு படியெடுக்கப்படுகிறது என்பதை அது காட்டாது. உயிரோடிருப்பவரின் மூளைத் திசுவை வெட்டி எடுத்து ஆர்என்ஏ பார்க்க வழியில்லை என்பதால், இதற்கு மேல் விலங்குகளிடம்தான் போக வேண்டியிருக்கிறது.

நீண்ட காலம் தங்கும் மாற்றத்துக்கு வருவோம். டிஎன்ஏ ஹிஸ்டோன் என்ற புரத உருளைகளில் சுற்றப்பட்டிருக்கிறது. அந்த ஹிஸ்டோன்களிலும் டிஎன்ஏவிலும் மெத்தில், அசிட்டைல் போன்ற சிறு வேதிக் குழுக்கள் ஏறி இறங்குவதைப் பொறுத்து ஒரு மரபணு எளிதில் படிக்கப்படும் அல்லது மூடிக் கிடக்கும். போதைப் பழக்கத்தை ஆராயும் நரம்பியல் அறிஞர் யாஸ்மின் ஹர்டின் ஆய்வகம் இதில் பல ஆண்டுகள் உழைத்திருக்கிறது. வளரிளம் பருவ எலிகளுக்கு, பிறந்த 28ஆம் நாள் முதல் 49ஆம் நாள் வரை, மூன்று நாளுக்கு ஒருமுறை கிலோவுக்கு 1.5 மில்லிகிராம் டிஎச்சி கொடுப்பது அவர்களுடைய வழக்கமான முறை. பிறகு மருந்தே இல்லாமல் வளர்ந்து பெரிதானபோதும் நியூக்ளியஸ் அக்கம்பென்ஸில், உடலே தயாரிக்கும் அபினி போன்ற பொருளான என்கெஃபலினின் மரபணு கூடுதலாக வெளிப்பட்டது. அந்த மரபணுவின் இடத்தில், மூடிவைக்கும் அடையாளமான எச்3கே9 மெத்திலேற்றம் குறைந்திருந்தது. 2012இல் இன்னொரு படி போனார்கள். டிஎச்சியே கொடுக்காமல் வைரஸ் மூலம் அந்த ஒரு மரபணுவை மட்டும் ஏற்றினார்கள், எலி ஹெராயினை அதிகமாகத் தேடியது. இறக்கினார்கள், தேடல் குறைந்தது. நான் இந்த ஆய்வை உயர்வாக மதிப்பது இதற்காகத்தான். இரண்டும் சேர்ந்து வருகின்றன என்பதோடு நிற்காமல், ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிறது என்று சோதித்துப் பார்த்தார்கள்.

கருவிலேயே டிஎச்சி பட்டால் திசை வேறு. 2011இல் அதே குழு, கருவுற்ற காலத்தில் கஞ்சா பயன்படுத்திய பெண்களின் நடுக்கர்ப்பக் கருக்களில் நியூக்ளியஸ் அக்கம்பென்ஸின் டோபமின் டி2 ஏற்பி மரபணு குறைவாக வெளிப்பட்டதைக் காட்டியது. தாய் எலிக்கு டிஎச்சி கொடுத்தபோது குட்டி பெரிதான பிறகும் அதே குறைவு நீடித்தது, டி2 மரபணுவில் மூடும் அடையாளம் கூடி, திறக்கும் அடையாளம் குறைந்திருந்தது. மனிதக் கருவும் எலியும் ஒரே பக்கம் கைகாட்டுவது இந்தத் துறையில் அரிது. கர்ப்ப காலத்தில் கஞ்சா எந்த வடிவிலும் வேண்டாம் என்று தயக்கமில்லாமல் சொல்வதற்கு இது போதும். ஆனால் எல்லாப் பாதிப்பையும் மரபணு வெளிப்பாட்டின் தலையில் கட்டவும் முடியாது. 2014இல் காட்டப்பட்டபடி, கருவின் நரம்புகள் சரியான இடத்துக்கு நீள்வதற்குத் தேவையான எஸ்சிஜி10 என்ற புரதத்தை டிஎச்சி சிதைய வைக்கிறது. அது தயாராகி முடிந்த புரதத்துக்கு நேரும் பாதிப்பு. தூது ஆர்என்ஏவை மட்டும் அளப்பவர் கண்ணில் இது படாமலே போய்விடும்.

வயது எவ்வளவு முக்கியம் என்பதற்கு எதிர்ப்பக்கச் சான்றும் உண்டு. 2017இல் வெளியான ஓர் ஆய்வில், 12 மாதமும் 18 மாதமும் ஆன சுண்டெலிகளுக்கு 28 நாள், கிலோவுக்கு நாளொன்றுக்கு 3 மில்லிகிராம் டிஎச்சியைச் சிறு பம்பு மூலம் சீராகச் செலுத்தினார்கள். அவற்றின் கற்கும் திறன் மேம்பட்டது, ஹிப்போகேம்பஸின் மரபணு வெளிப்பாடு இரண்டு மாத இளம் சுண்டெலியின் பாங்கை நெருங்கியது. அதே அளவு இளம் சுண்டெலிகளின் திறனைக் கெடுத்தது. வயதானவர் கஞ்சா எடுக்கலாம் என்று இதிலிருந்து சொல்ல முடியாது, சுண்டெலியின் முதுமை மனித முதுமை அல்ல. ஆனால் ஒரே பொருள், ஒரே ஏற்பி, வயதைப் பொறுத்து எதிரெதிர் விளைவு. வளரிளம் பருவத்தில் முன்மூளைப் புறணி தன் இணைப்புகளைக் கத்தரித்துச் சீர்செய்துகொண்டிருக்கிறது, அந்த வேலையின் நேரத்தை ஒழுங்குபடுத்துவதில் உடலின் சொந்த கன்னபினாய்டுகளுக்கு (மேலே சொன்ன அனந்தமைடு, 2-ஏஜி போன்றவற்றுக்கு) பங்குண்டு. அந்த நேரத்தில் வெளியிலிருந்து வரும் டிஎச்சி அந்த ஒழுங்கில் குறுக்கிடுகிறது என்பதுதான் இப்போதைக்கு மிகப் பொருத்தமான விளக்கம். 2021இல் 799 வளரிளம் பருவத்தினரை 14 வயதிலும் ஐந்து ஆண்டு கழித்தும் ஸ்கேன் செய்தபோது, கஞ்சா பயன்படுத்தியவர்களின் முன்மூளைப் புறணி வேகமாக மெலிந்திருந்தது. மெலிவு கூடுதலாக இருந்த இடங்கள் சிபி1 செறிவான இடங்களோடு ஒத்துப்போயின. இது தொடர்பைக் காட்டுகிறது, காரணத்தை நிரூபிக்கவில்லை.

இனி சந்தேகத்துக்குரிய பக்கம். “கஞ்சா பயன்படுத்துவோரின் மரபணுக்களில் மாற்றம்” என்று வரும் மனித ஆய்வுகளில் பெரும்பாலானவை ரத்தத்தில் டிஎன்ஏ மெத்திலேற்றம் பார்த்தவை. ரத்த வெள்ளையணுவின் மெத்திலேற்றம் நியூக்ளியஸ் அக்கம்பென்ஸின் நரம்புச் செல்லைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்லும். இன்னொரு பெரிய சிக்கல் புகையிலை. கஞ்சா புகைப்பவர்களில் பலர் அதைப் புகையிலையோடு கலந்து புகைக்கிறார்கள், அல்லது தனியே சிகரெட்டும் பிடிக்கிறார்கள். ஏஎச்ஆர்ஆர் என்ற மரபணுவில் மெத்தில் குறைவது புகையிலைப் புகையின் முத்திரை என்றே சொல்லலாம், அது கஞ்சா ஆய்வுகளிலும் தலைகாட்டுகிறது. புகைக்கே உரிய விளைவையும் டிஎச்சியின் விளைவையும் பிரிக்காத ஆய்வை நான் எடுத்துக்கொள்வதில்லை. லட்சக்கணக்கான இடங்களை ஒரே நேரத்தில் சோதிக்கும்போது தற்செயலாகவே சில இடங்கள் மாறியதாகத் தெரியும் என்பதால், வேறொரு குழுவில் மீண்டும் உறுதியானதா என்றும் பார்க்க வேண்டும்.

விலங்கு ஆய்வுகளிலும் வழுக்கும் இடங்கள் உண்டு. முதலாவது அளவு. எலியின் கிலோ கணக்கை மனிதருக்கு மாற்ற, உடல் பரப்பின்படி சுமார் 6.2ஆல் வகுக்க வேண்டும், சுண்டெலிக்கு 12.3ஆல். மேலே சொன்ன 1.5 மில்லிகிராம், 60 கிலோ மனிதருக்கு ஏறத்தாழ 15 மில்லிகிராம் டிஎச்சிக்குச் சமம், நடைமுறைக்குப் பொருந்தும் அளவு. கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்றால் அதே கணக்கில் 100 மில்லிகிராமை நெருங்கிவிடும், அந்த முடிவை அப்படியே மனிதருக்கு ஏற்றக் கூடாது. வயிற்றுக்குள் போடும் ஊசியும் புகைப்பதும் ஒன்றல்ல என்பதால் இந்தக் கணக்கே தோராயமானதுதான். இரண்டாவது உடல் வெப்பம். டிஎச்சி கொறிவிலங்குகளின் உடலை நன்றாகக் குளிர வைக்கும். குளிரே தனியாகச் சில மரபணுக்களை ஏற்றும். வெப்பத்தைக் கவனிக்காமல் ஆர்என்ஏ அளந்தால் குளிரின் விளைவை டிஎச்சியின் விளைவென்று எண்ணிவிடுவோம். மூன்றாவது பிடித்து ஊசி போடும் அச்சம். பழக்கப்படுத்தாத எலியைக் கையில் பிடித்தாலே சி-ஃபாஸ் ஏறும், எனவே வெறும் கரைப்பான் ஊசி பெற்ற எலிகளோடு ஒப்பிடாத முடிவுக்கு மதிப்பில்லை. நான்காவது, டிஎச்சி நீரில் கரையாது, பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். சாதாரண பிளாஸ்டிக் குழாயில் வைத்தால் குறிப்பேட்டில் எழுதிய அளவு செல்லுக்குப் போய்ச் சேர்வதில்லை. கர்ப்ப ஆய்வுகளில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். தாய் குறைவாகத் தின்றதா, குட்டியை மருந்து பெறாத வேறு தாயிடம் வளர்த்தார்களா? இல்லையென்றால், பசியின் விளைவும் தாயின் பராமரிப்பு குலைந்த விளைவும் கணக்கில் கலந்துவிடும்.

சிபிடிக்கு இதே அளவுகோலை வைத்துப் பாருங்கள். அது சிபி1ஐ டிஎச்சி தூண்டுவதுபோலத் தூண்டுவதில்லை. டிஆர்பிவி1, செரட்டோனின் 1ஏ, ஜிபிஆர்55, உட்கருவில் உள்ள பிபிஏஆர்-காமா என்று வேறு பல ஏற்பிகளைத் தொடுகிறது. கிண்ணத்தில் வளர்த்த, மூளையின் நோயெதிர்ப்புச் செல்களான மைக்ரோகிளியாவில் அது டிஎச்சியைவிட அதிகமான மரபணுக்களை மாற்றியது, குறிப்பாக ஆக்சிஜனேற்ற அழுத்தத்தைச் சமாளிக்கும் மரபணுக்களை. ஆகவே “போதை இல்லை, அதனால் மரபணுவையும் தொடாது” என்பது தவறு. ஆனால் அந்தச் சோதனையில் 10 மைக்ரோமோலார் ஊற்றினார்கள். சிபிடியின் மூலக்கூறு எடை 314.5, எனவே அது மில்லிலிட்டருக்கு 3,145 நானோகிராம். வாயால் எடுக்கும் சிபிடியில் வெறும் வயிற்றில் 6 சதவீதம் அளவுதான் ரத்தத்துக்குப் போகிறது, கொழுப்பு உணவோடு எடுத்தால் நான்கைந்து மடங்கு கூடும். சில பத்து மில்லிகிராம் எண்ணெய்த் துளிகளால் ரத்தத்தில் அந்தச் செறிவின் நூறில் ஒரு பங்குகூடப் பெரும்பாலும் வருவதில்லை. 2018இல் அமெரிக்காவில் கடுமையான குழந்தைப் பருவ வலிப்புகளுக்கு அனுமதி பெற்ற சிபிடி மருந்தோ கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 20 மில்லிகிராம். அந்த அளவில் உண்மையாகவே கவனிக்க வேண்டியது கல்லீரல் நொதிகளை, முக்கியமாக வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்து சேர்ந்திருக்கும்போது. இன்னொரு வலிப்பு மருந்தான குளோபஸாமின் செயல்படும் வளர்சிதைப் பொருள் ரத்தத்தில் உயர்வதால் தூக்கக் கலக்கமும் கூடும். வலிப்பு மருந்து எடுப்பவர் மருத்துவரைக் கேட்காமல் சிபிடி தொடக் கூடாது.

குழந்தைக்குப் போகுமா என்ற கேள்வியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் பதில் வேறு. கர்ப்பத்தில் தாய் பயன்படுத்தினால் டிஎச்சி நஞ்சுக்கொடியைக் கடந்து நேரே கருவுக்குப் போகிறது, தாய்ப்பாலிலும் வருகிறது. அதை மரபுவழிக் கடத்தல் என்று சொல்லக் கூடாது, நேரடியாக மருந்து பட்டது. கருவுறுவதற்கு முன்பே நிறுத்திய பெற்றோரிடமிருந்து அடையாளங்கள் கடந்து போகுமா என்பதுதான் சிக்கலான கேள்வி. எலிகளில், வளரிளம் பருவத்தில் மட்டும் டிஎச்சி பெற்ற பெற்றோருக்குப் பிறந்த குட்டிகளிடம் ஹெராயின் நாட்டமும் ஸ்ட்ரையேட்டத்தில் வெளிப்பாட்டு மாற்றமும் பார்க்கப்பட்டன. மனிதரில், கஞ்சா பயன்படுத்தும் ஆண்களின் விந்தணுவில் மெத்திலேற்றம் வேறுபட்டிருந்ததைச் சிறு குழுக்களில் 2018இல் காட்டினார்கள். பின்னர் 77 நாள் விலகியிருந்தபோது அந்த வேறுபாடுகளில் பெரும்பகுதி மங்கியது. 77 நாள் என்பது விந்தணு புதிதாக உருவாகி முடிய ஆகும் காலத்தைச் சற்றே தாண்டியது. கருவுற்ற பிறகு இத்தகைய அடையாளங்களில் பெரும்பாலானவை அழித்து எழுதப்படுவதால், அவற்றில் ஏதாவது குழந்தையின் மூளையை எட்டுகிறதா என்பது மனிதரில் நிறுவப்படவில்லை. குழந்தைக்கு முயற்சி செய்ய நினைக்கும் ஆண் மூன்று மாதம் முன்பே நிறுத்துவது செலவில்லாத, நியாயமான முன்னெச்சரிக்கை.

17 வயதில் தொடங்கி மூன்று ஆண்டுகள் தினமும் பயன்படுத்திய அந்த ஒருவருக்கு வருவோம். ஏற்பிகள் நான்கு வாரத்தில் மீளும் என்று நம்பலாம். 69 ஆய்வுகளைத் தொகுத்த 2018ஆம் ஆண்டுப் பகுப்பாய்வில், இளவயதினரின் நினைவு, கவனக் குறைபாடுகள் சராசரியாகச் சிறியவையாகவே இருந்தன. 72 மணி நேரத்துக்கு மேல் விலகியவர்களிடம் அவை இன்னும் சுருங்கின. நிறுத்திய ஓரிரு நாளில் எரிச்சல், பசியின்மை, தூக்கமின்மை, தெளிவான விசித்திரக் கனவுகள் வரும். முதல் வாரத்தில் உச்சம், இரண்டு முதல் நான்கு வாரத்தில் தணிவு. இதைப் பார்த்து மூளை நிரந்தரமாகக் கெட்டுவிட்டது என்று பயந்து மறுபடி புகைப்பவர்கள் நிறைய. அது ஏற்பிகள் மீளும் காலத்தின் அறிகுறி என்று அவருக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். எலிகளில் பார்த்த ஹிஸ்டோன் அடையாளங்கள் அவருடைய மூளையில் இருக்கின்றனவா என்று எந்தச் சோதனையாலும் சொல்ல முடியாது. அப்படியே இருந்தாலும் அவை அழியவே அழியாதவை அல்ல, ஏற்றவும் இறக்கவும் நொதிகள் உள்ளவை.

காம்ட், ஏகேடி1 மரபணு வகைகளைப் பார்த்து கஞ்சாவால் மனச்சிதைவு வருமா என்று சொல்வதாக விற்கும் எச்சில் சோதனைகளுக்குப் பணம் கொடுக்காதீர்கள். காம்ட் பற்றிய 2005ஆம் ஆண்டு முடிவு பின்னர் வந்த ஆய்வுகளில் நிலைக்கவில்லை. ஏகேடி1க்குச் சற்று ஆதரவு இருந்தாலும், தனி ஒருவருக்குக் கணித்துச் சொல்லும் வலு அதற்கு இல்லை. அதைவிடப் பயனுள்ள தகவல் குடும்ப வரலாறு: பெற்றோர் அல்லது உடன்பிறந்தோரில் யாருக்காவது மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு இருந்திருக்கிறதா என்பது. இருந்தால் அவர் மறுபடி தொடங்கவே கூடாது. நிறுத்திய பிறகும் யாரோ பேசுவதுபோலக் குரல் கேட்பது, தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்ற உறுதியான சந்தேகம், நாள்கணக்கில் தூங்காமல் இருப்பது ஆகியவற்றில் ஏதாவது ஒன்று தெரிந்தாலும் நான்கு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அப்படி எதுவும் இல்லாமல் மறதியும் கவனச் சிதறலும் மட்டும் என்றால், முழுமையாக விலகி நான்கு வாரம் கழித்து ஒரு நரம்பு உளவியல் மதிப்பீடு (நினைவையும் கவனத்தையும் அளக்கும் சோதனை) செய்யச் சொல்லுங்கள். அதற்கு முன் செய்தால் அளவீட்டில் தெரிவது பொருள் விலகும் காலத்தின் தடுமாற்றம்தான்.